ஒட்டுவதற்கு முன்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால் என் கடைக்கு ஆள் வரும். வெயிலில் நிற்பதற்குப் பதில் உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மெயில் பார்த்துவிட்டுப் போவார்கள். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனுக்குச் சின்னக் கடைதான். எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்பது அந்த புரோகிராமைப் பற்றி. நான்தான் எழுதினேன். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.

அது புரிய வேண்டுமானால், எங்கள் கடையிலிருந்து தமிழ் எப்படி வெளிநாடு போனது என்று தெரிய வேண்டும். மெயிலில் நேராகத் தமிழ் அடிக்கும் வசதி இன்னும் வரவில்லை. தனியாக ஒரு மென்பொருளில் அடித்து, அதை காப்பி செய்து, மெயிலில் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் அது தமிழாகத் தெரியாது. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஏதோ அயல் எழுத்தாகக் கிடக்கும். அந்தப் பக்கம் இருப்பவர் அதை எடுத்து அதே மென்பொருளில் போட்டால் மறுபடி தமிழாகிவிடும். அதனால் ஒட்டியதை இங்கே யாரும் படித்துப் பார்ப்பதில்லை. படிக்க முடியாது.

ஷார்ஜாவிலிருக்கும் கணவர் ஜாஹித்துக்கு எழுத வரும் கமருன்னிஸாவின் மாமியார் நூர்ஜஹான் ஒருமுறை திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னா தம்பி இது, கோழி கிளறுன மாதிரி கெடக்கு?"

"ஷார்ஜால போயி சரியாயிடும்மா."

"உங்க புள்ள கையெழுத்தே இப்படித்தான் இருக்கும் மாமி," என்றார் கமருன்னிஸா. "அவருக்கு வித்தியாசம் தெரியாது."

மூன்று பேரும் சிரித்தோம். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

நான் செய்தது திருட்டு வழியல்ல. விண்டோஸே கொடுத்திருக்கும் வழி. யார் எந்த புரோகிராமில் விசையைத் தட்டினாலும் எனக்கும் சொல் என்று கேட்டால், சொல்லும். கிளிப்போர்டு என்பது காப்பி செய்ததை ஒட்டும்வரை வைத்திருக்கும் இடம். அது மாறினாலும் சொல்லும். அந்தச் செய்தி ஒரு புரோகிராமிலிருந்து அடுத்ததற்கு வரிசையாக வரும். வாங்கியவன் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும், மேல்மடைக்காரன் கீழே தண்ணீர் விடுகிற மாதிரி. நான் யாருக்கும் அடைத்து வைத்ததில்லை.

கிளிப்போர்டில் மிச்சம் வைத்தது தெரியும். விசைப்பலகையில் அழித்தது தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மனிதர்கள் தெரிவார்கள். வணக்கம், நலம், மழை பெய்தது, இதையெல்லாம் யாரும் அழிப்பதில்லை. மனதில் இருப்பதைத்தான் அடிக்கிறார்கள், அதைத்தான் அழிக்கிறார்கள். அழித்ததை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். காப்பி செய்வதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில், ஒரு நொடிக்குள். என் சொந்தச் சொல் ஒன்றைக்கூட யார் கடிதத்திலும் நான் சேர்க்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஷேக் பரீத் என்று ஒருவர், அரிசி வியாபாரி. மலேசியாவில் இருக்கும் தம்பிக்கு வியாபார விஷயமாக எழுதும்போதெல்லாம், "என்னை மன்னிச்சிடுடா" என்று அடித்து அழிப்பார். ஒருநாள் அதை அனுப்பிவைத்தேன். தம்பி அடுத்த மாதமே வந்து இறங்கினான். இருவரும் என் கடை வாசலில் நின்று அழுதார்கள். அவர்கள் உங்களிடம் புகார் கொடுக்கவில்லை.

கமருன்னிஸாவின் கதை வேறாகப் போயிற்று. ஜாஹித் லீவு கிடைத்து வருவதாக இருந்தது. இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டு மூன்றாவது தடவை டிக்கெட் எடுத்திருந்தார். அவருக்குக் கடிதம் எழுத வந்த அன்று மாமியார் துணைக்கு வரவில்லை. கமருன்னிஸா, "நீங்க இல்லாமலே எங்களுக்குப் பழகிடுச்சு. இனிமே வரவே வேணாம், அங்கேயே இருந்துக்கங்க," என்று அடித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, "ரிஃப்காவுக்குச் செருப்பு வாங்கி வாங்க, கால் வளந்துடுச்சு," என்று அடித்தார். இரண்டு வரியும் போயின.

திருச்சி விமான நிலையத்துக்குக் குழந்தை ரிஃப்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜாஹித் வரவில்லை. அதன் பிறகு எழுதவும் இல்லை. ஊருக்கு வந்த ஒருவர் கையில் அந்தக் கடிதத்தை பிரின்ட் எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். உங்கள் ஸ்டேஷனில் என் எதிரிலேயே கமருன்னிஸா சொன்னதைக் கேட்டீர்கள்.

"நான் அழிச்சுட்டேனே சார். என் கையாலதான் அழிச்சேன். அது எப்படிப் போச்சு?"

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பின்னு நம்பித்தானே வந்தேன்," என்றார். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அடித்தது யார்? ஒரு வரியில் அறுந்துபோகிற கணவனை ஒரு ஜோடிச் செருப்பு எத்தனை நாள் கட்டிவைத்திருக்கும்? நம் ஊர் மூணாறு தலைப்பு அணையில் ஒரே வெண்ணாற்றை மூன்றாகப் பிரித்து விடுகிறார்கள். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று ஷட்டரில் நிற்பவர் முடிவு செய்கிறார். அவரை யாரும் கைது செய்வதில்லை.

தட்டிய விசைகளையெல்லாம் என் புரோகிராம் சேர்த்துவைத்த பதிவின் தொடக்கத்தைக் காட்டுகிறீர்கள். அதில் கமருன்னிஸா இல்லை. என் மனைவி எழில்மொழி இருக்கிறாள். மனைவி இறந்த துக்கத்தில் எழுதிய புரோகிராம் என்று என் வக்கீல் உங்களிடம் சொல்லியிருப்பார். நல்லவர். அவருக்குத் தேதி தெரியாது.

எழில் மத்தியானங்களில் கடையைப் பார்த்துக்கொள்வாள். சிங்கப்பூரிலிருக்கும் அவள் அண்ணன் ரெத்தினத்துக்கு எழுதுவாள். நான் அவளை அடித்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை. அவள் எழுதியதைப் படித்தேன், அவ்வளவுதான். கத்தரிக்காய் பிடிக்கவில்லை என்று எழுதினால் மறுநாள் கத்தரிக்காய் வாங்கமாட்டேன். முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு, "எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த வரியை நீங்களே சத்தமாகப் படித்தீர்கள். "அண்ணே, நான் நெனைக்கிறதெல்லாம் அவருக்குத் தெரிஞ்சுடுது. பயமா இருக்கு. ஒரு தடவ வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு."

அதற்குப் பின்னால் பேக்ஸ்பேஸ் விசை ஒருமுறைகூட இல்லையே என்று கேட்கிறீர்கள். இல்லைதான். அவள் அழிக்கவில்லை. காப்பி செய்தாள். அவள் ஒட்டுவதற்கு முன் அந்த வரியை எடுத்துவிட்டேன். புரோகிராமை அப்போதுதான் முதல்முறை அப்படிப் பயன்படுத்தினேன். சரியாக வேலை செய்தது.

ரெத்தினம் பதில் எழுதினார். புது வீட்டைப் பற்றி, அங்கே பெய்த மழையைப் பற்றி. எழில் அதைத் தமிழாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். எதையோ தேடுகிறவள் மாதிரி. பிறகு மெயிலை மூடிவிட்டு ஒருவருக்கு பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். அண்ணனுக்கு மறுபடி எழுதவில்லை. வெண்ணாற்றில் தண்ணீர் வந்த வாரம் அதில் இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு வரி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு என் கடையில் எந்த வரியும் சேராமல் போனதில்லை. இதைப் பிராயச்சித்தம் என்று நான் சொல்லவில்லை. குற்றம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் எழில் விஷயத்தில் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். அவள் அடித்த ஒவ்வொரு எழுத்தையும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன். பெண்டாட்டி சொல்வதை அந்த அளவுக்குக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு கணவனை இந்த ஊரில் காட்டுங்கள்.