ரெண்டு மணி நேரந்தான்

இல்லம்மா, மூணு இல்ல, ரெண்டு மணி நேரந்தான். விமானச் சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கும், உங்க பொலோனியாவுல பத்துக்கு ஏறினா எங்க யாஷுல ஒரு மணிக்கு இறங்கறோம்னு. எங்க ஊர் கடிகாரம் உங்க ஊருக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுது, அவ்வளவுதான். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பதினோரு வருஷமா போயிட்டு வரேன்ல.

எங்க வீட்டுக்காரர் நெக்குலாய்க்கு இத வெச்சு ஒரே நக்கல். திரும்பிப் போற சீட்டுல ஒன்றரைக்குக் கிளம்பி ரெண்டரைக்கு இறங்கும்னு இருக்குமா, அதப் பாத்துட்டு, ஏண்டி இலிங்கா, என்னை விட்டுட்டுப் போக ஒரு மணி நேரம், எங்கிட்ட வர மூணு மணி நேரமா, அங்க எவன வெச்சிருக்கேம்பாரு. நான் வேலை பாக்கற வீட்டுல குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுற பெரியவருக்கு எண்பத்தெட்டு வயசும்மா! அப்புறம் மேசை மேல ரெண்டு கடிகாரத்த வெச்சு வெளக்கினேன். யோவ், போனாலும் வந்தாலும் ரெண்டு மணி நேரந்தான்யா, நீ ஒரு கோழிய வேக வெச்சு இறக்கறதுக்குள்ள வந்து நிப்பேன்னு. அத அப்படியே புடிச்சுக்கிட்டாரு மனுசன்.

இதுவா? மெழுகுவத்திம்மா. செக்கிங்லயும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எங்கள்ல உயிர் போற நேரத்துல எரியற மெழுகுவத்தி கைல இருக்கணும். போற வழி இருட்டாச்சே. ஒருத்தர் பக்கத்துல இருந்து ஏத்திக் குடுக்கணும். நீ மெழுகுவத்தி இல்லாம போவேன்னு யாராவது சாபம் விட்டா, அப்புறம் ஜென்மத்துக்கும் அவங்களோட பேச்சு கிடையாது. போன வருஷம் நெஞ்சு வலி வந்தப்பவே எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, என் கைல நீதான் வெக்கணும், வேற எவளையும் விடமாட்டேன்னு.

வியாழக்கிழமை காலைல, மறுபடி வலி வந்துடுச்சு, இனி தாங்காதுன்னு பக்கத்து வீட்டு அஸ்பாசியா போன் பண்ணி அவர் காதுல வெச்சா. எப்ப வரேன்னாரு. இந்த விமானம் செவ்வாயும் சனியும்தாம்மா. பஸ்ஸுன்னா ஒன்றரை நாள். சனிக்கிழமைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கிளம்பிட்டேன்யா, ரெண்டு மணி நேரந்தான்னுட்டேன்.

அஸ்பாசியா மெழுகுவத்திய ஏத்தி எடுத்துட்டுப் போயிருக்கா. தட்டி விட்டுட்டாராம். அணைச்சிடு, இலிங்கா வரட்டும், இப்ப வந்துடுவான்னாராம். அவளும் மறுபடி மறுபடி கொண்டு போயிருக்கா. விரல மடக்கி இறுக்கி வெச்சுக்கிட்டாராம். வண்டிச் சத்தம் கேட்டு, நான்தானோன்னு அவ வாசலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரும்மா. கைல வெளிச்சமில்லாம. பொய் சொன்னது நான், இருட்டுல போனது அவரு.

அழாதம்மா நீ. உனக்கென்ன வந்துது. இன்னிக்கு மூணு மணிக்கு அடக்கம். நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடாதீங்கன்னு பாதிரியார்கிட்ட கெஞ்சி வெச்சிருக்கேன். இனிமே ஏத்தி என்ன ஆகப்போகுது. ஆனா ஏத்துவேன்.

இறங்கப் போறோம், பெல்ட் போடச் சொல்றாங்க பாரு. உன் கடிகாரத்துல மணி என்ன? பன்னெண்டா? பாத்தியா, நான்தான் சொன்னேனே. ரெண்டு மணி நேரந்தான்.