காந்தத்துக்குக் கீழே

— இன்னும் தொங்குதோ, மச்சான்? நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக் கிடக்கு.

— தொங்குது, அத்தான். மேல பார்க்க வேண்டாம். காலைப் பாருங்கோ. இழுக்க வருதோ?

— கத்திக் கதை! தகரமெல்லாம் மழை. அந்தத் தகடு பக்கத்தில விழுந்த நேரம் தொட்டு என்ர காதுக்குள்ள கோயில் மணி அடிக்குது.

— காலை இழுக்க வருதோ எண்டு கேட்டனான்!

— எங்கால வாறது? விழுந்த தகடு சப்பாத்தோட சேர்த்துப் பிடிச்சிருக்கு. அடியில நங்கூரச் சங்கிலி. மேலயும் இரும்பு, கீழயும் இரும்பு, நடுவில இந்த வீரக்குட்டி. அம்மியில வைச்ச செத்தல் மிளகாய் மாதிரி.

— பகிடி விடுற நேரமே இது?

— நீ கிரேன் பெட்டிக்குள்ள ராசா மாதிரி இருக்கிறாய், உனக்கென்ன. ஆரடா உன்னை ரெண்டு தகட்டை ஒண்டாத் தூக்கச் சொன்னது?

— சத்தியமா ஒண்டைத்தான் தூக்கினனான். அடியில கிடந்ததும் சேர்ந்து வந்திட்டுது. காந்தத்தின்ர பிடி முதல் தகட்டோட முக்கால்வாசி முடிஞ்சிடும், அத்தான். ரெண்டாவதுக்கு மிச்சம் மீதிதான். அது சும்மா பேருக்கு ஒட்டிக்கொண்டு வந்து கழண்டிட்டுது.

— விழுந்ததின்ர கதையை விடு. என்ர தலைக்கு மேல நிக்கிறது எப்ப விழும்? அதைச் சொல்லு.

— விழாது. இஞ்சின் ஓடும் மட்டும் கரண்ட். கரண்ட் போகும் மட்டும் அது காந்தம்.

— டீசல் இருக்கே?

— எங்கட வேலைக்காரப் பெடியன் சஜீத் டீசல் வாங்கக் கலன் கொண்டு ஓடினவன்.

— நான் கேட்டது தாங்கியில.

— முள் அடியில நிக்குது.

— அம்மாளாச்சி! அப்ப அந்தச் சனியனை அங்கால திருப்பன்ரா!

— திருப்ப ஏலுமெண்டா நான் ஏன் இப்பிடிக் குளறுறன்? வின்ச் இறுகிப் போச்சு. ஏறவும் ஏலாது, திரும்பவும் ஏலாது. தம்பலகாமத்தில இருந்து வேற கிரேன் வருதாம். ரோட்டில வெள்ளமாம்.

— வெள்ளம் வடிஞ்சு, கிரேன் வந்து, என்னைத் தூக்கி… அதுக்கிடையில நான் செத்து எட்டுச்செலவே முடிஞ்சிடும், கண்டியோ.

— அப்பிடிக் கதையாதேங்கோ, அத்தான்!

— இண்டைக்குத்தான் உன்ர வாயில ‘அத்தான்’ வருது. மற்ற நாளில ‘அந்த வெருகலான்’ எண்டுதானே. சல்லி ஊராருக்கு வெருகல் ஊர் மாப்பிள்ளையைப் பிடிக்கேல்ல.

— அதெல்லாம் பிறகு ஆறுதலா ஏசுங்கோ.

— பிறகு எண்டு ஒண்டு இருந்தா ஏசுவன். சரி, இன்னொரு அலவாங்கு எறி. நான் நெம்பிப் பார்க்கிறன்.

— இரும்பு எதுவும் வேண்டாம்! சஜீத் நீட்டினது எங்க போனது?

— என்ர கையால பறிச்சுக்கொண்டு போய் மேல ஒட்டிக்கொண்டு நிக்குது. பேய் பிடிச்சு இழுத்த மாதிரி.

— பேயில்லை. காந்தத்தைத் தொட்டுக்கொண்டு நிக்கிற தகடும் இப்ப காந்தம்தான். இன்னொரு இரும்பு பாய்ஞ்சு போய் அடிச்சா முழுத் தகடும் ஆடிடும்.

— முட்டுக் கொடுக்க ஒரு மரக்குத்தி?

— இந்தப் பழைய இரும்பு யார்டில மரம் எண்டு ஒரு ஈர்க்குக் கூட இல்லை. இருந்தாலும் ஆர் கொண்டு வாறது? எல்லாரும் மழைக்கு வீட்ட போட்டினம். நான் அக்சிலேட்டரில இருந்து காலை எடுத்தா இஞ்சின் நிண்டிடும்.

— கரண்ட் போனா… உடன விழுமோ?

— தெரியாது.

— தெரியாதோ, சொல்ல மாட்டியோ?

— மெய்யாத் தெரியாது. தகடு காந்தத்தின்ர முகத்தில அச்சொட்டாப் படிஞ்சு கிடந்தா, கரண்ட் போனாலும் பிடி கொஞ்சம் மிஞ்சி நிக்கும். ஒரு மூச்சு நேரமும் நிக்கும், ஒரு மணித்தியாலமும் நிக்கும். ஆனா எள்ளளவு விலகிச்செண்டா அவ்வளவுதான்.

— மச்சான்.

— சொல்லுங்கோ.

— கேஸ் கட்டரைக் கொண்டு வந்து என்ர காலை வெட்டு.

— விசரே உங்களுக்கு?

— ஒத்தைக் காலோட லக்சாயினிக்குத் தேப்பனா இருக்க ஏலும். பிணமா இருக்க ஏலாது. வெட்டன்ரா!

— ஏலாது. என்னால ஏலாது. இறங்கினா இஞ்சின் நிண்டிடும் எண்டு எத்தினை தரம் சொல்றது!

— அழுறியே?

— இல்லை.

— பிள்ளை இப்ப ரியூசன் விட்டு ஓர்ஸ் ஹில் சந்தியில நனைஞ்சுகொண்டு நிப்பாள். கொக்காவுக்குப் போன் அடி. என்னைப்பற்றி ஒண்டும் சொல்லாத. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு.

— அடிச்சா அக்கா என்ர குரலிலயே பிடிச்சிடுவா.

— பிடிக்கட்டும். பிள்ளை நனையுது.

— சரி. அடிக்கிறன், பொறுங்கோ… ஐயோ. அத்தான். அத்தான், நீங்கள் அசையாதேங்கோ. 

— ஐயோ அம்மா!

— என்ன? என்ன நடந்தது?

— மேல ஒட்டியிருந்த அலவாங்கு விழுந்திட்டுது! தோளில அடிச்சிட்டுது. மச்சான், அது ஏன் விழுந்தது? மச்சான்! தர்மிகன்! எங்கயடா போனாய்?

— இஞ்சதான் நிக்கிறன். உங்கட கால்மாட்டில.

— நீ ஏன் இறங்கினனீ? காலை எடுத்தா நிண்டிடும் எண்டனீ!

— அக்சிலேட்டரில ஒரு இரும்புக் கட்டியைத் தூக்கி வைச்சிட்டு வந்தனான்.

— அந்த மூளை முதலே வரேல்லையே, எருமை?

— இப்பதான் வந்தது. தள்ளுங்கோ, நான் உள்ள பூர வேணும்.

— வராத! கொக்கா ஒரே நாளில ரெண்டு பேருக்கு அழ வேணுமே?

— மெதுவாக் கதையுங்கோ. தலையைத் தூக்காதேங்கோ. மேல தலைமயிர் கூடப் படக்கூடாது. அந்த அலவாங்கைத் தாங்கோ.

— தொடாத! திரும்பப் பறக்கும்!

— பறக்காது.

— ஏன் பறக்காது?

— கதையை விட்டிட்டு நான் நெம்பிற நேரம் காலை உருவுங்கோ. சப்பாத்து போனாப் போகட்டும். ம்… இப்ப!

— ஆ… ஏலாது! ஏலாது!

— இன்னொருக்கா. அக்காவை நினைச்சு இழுங்கோ.

— கொக்காவை நினைச்சா இருக்கிற பெலனும் போயிடும்… ஆ! வந்திட்டுது! கால் வந்திட்டுது, மச்சான்!

— ஊருங்கோ! வெளியால ஊருங்கோ!

— நீ?

— பின்னால வாறன். போங்கோ எண்டா போங்கோ!

— நான் வெளிய வந்திட்டன். கையைத் தா. தா எண்டுறன்! இழுக்கிறன், வா… வா…

— விடாதேங்கோ, அத்தான்!

— ஐயோ கடவுளே!

— விழுந்திட்டுது.

— நிலம் அதிருது, பார். நாங்கள் கிடந்த இடத்திலயே… சப்பாத்து எங்க எண்டு கூடத் தெரியேல்ல.

— பார்க்காதேங்கோ. என்னில சாய்ஞ்சு இருங்கோ.

— கண்டியோ, கோணேசர்தான் காத்தவர். ரெண்டு பேரும் வெளிய வாறதைப் பார்த்துக்கொண்டு நிண்டு, பிறகுதான் டீசல் முடிஞ்சிருக்கு.

— டீசல் முடிஞ்சாப் பிறகுதான், அத்தான், நான் இறங்கி வந்தனான்.