தள்ளாடியது குடியால் அல்ல

தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் எங்கோன் அவர்களே! இவிண்டோ ஆற்றின் இருகரையிலிருந்தும் துடுப்பு வலித்து வந்த பெரியோர்களே! மரவள்ளிக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து நிற்கும் தாய்மார்களே! கூச்சமே இல்லாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கக் கம்பெனிக்காரர்களே, உங்களுக்கும் வணக்கம்!

நான் செராஃபின். படகோட்டி ஒபியாங்கின் தங்கை. என் அண்ணன் கள்ளைத் தொட்டவனா? 'இல்லை' என்கிறீர்கள். அந்தக் குரல் முன்வரிசைக்குக் கேட்கட்டும்!

சுழலுக்கும் பாறைக்கும் நடுவே படகைப் பூப்போல நடத்தியவன் அவன். போன மழைக்காலத்தில் வாய்க்குக் கொண்டுபோன கவளம் கன்னத்தில் இடித்தது. கால் பின்னியது, நாக்குக் குழறியது. கம்பெனி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சொன்னது என்ன தெரியுமா?

"குடிச்சுப்புட்டு வந்து நோயின்னு நடிக்கிறான். கூட்டிட்டுப் போம்மா!"

ஐயா, என் வயிறு எரிந்தது! இன்றும் எரிகிறது!

ஆராய்ச்சி நிலையத்தில் மின்மீன்களின் மூளையைப் படிக்கும் நம் எத்விஜ்தான் கேட்டாள்: "அண்ணே, எங்க மீன் புடிச்சுத் திங்கிறீங்க?"

"தங்கம் அள்ளுற எந்திரத்தத் தாண்டி, தண்ணி எறங்கி ஓடுற கீழ்க்கரையிலதான், தாயி."

அங்கிருந்தே யானைமூக்கு மீன்களைப் பிடித்துவந்தாள்; எந்திரத்துக்கு மேலே, கழிவு சேராத மேல்கரையிலிருந்தும் சில பிடித்துவந்தாள். அந்த மீன் வாலிலிருந்து மின்துடிப்பு விட்டுக் கலங்கல் நீரைத் தடவிப் பார்க்கும். துடிப்புக்கு ஆணை போகும்போதே அதன் நகலொன்று சிறுமூளைப் பக்கம் போகும். 'இது நானே எழுப்பியது' என்று தன் துடிப்பின் உணர்வை மூளை கழித்துவிடும். மிஞ்சுவது இரை! மிஞ்சுவது பகை! மிஞ்சுவதே உலகம்!

மீன் துடிப்பு விடும்போதெல்லாம் எத்விஜ் கருவியால் ஒரு பொய்த் துடிப்பைக் கூடவே விட்டாள். மேல்கரை மீன் சற்று நேரத்தில் பழகிக்கொண்டு அதைப் பொருட்படுத்தாமல் விட்டது. கீழ்க்கரை மீனோ ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டது, கடைசிவரை திடுக்கிட்டது! அறுத்துப் பார்த்தால், அந்தக் கழித்தலைச் செய்யும் பொடிப்பொடி உயிரணுக்களைப் பாதரசம் தின்றிருந்தது. தங்கத்தைப் பிரிக்க இவர்கள் ஆற்றில் கொட்டிய பாதரசம்!

எத்விஜ் இதைப் போய்ச் சொன்னதும் கம்பெனி டாக்டர் சிரித்தார். "மீனுக்கும் மனுஷனுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டு பேருக்கும் சிறுமூளை இருக்கு டாக்டர். கைய நீட்டினா அது எங்க போவுதுன்னு கணக்குப் பாக்குறது அதுதான். ரெண்டு பேரும் ஒரே ஆத்துலதான் சாப்பிடுறாங்க. ஒபியாங் அண்ணன் முடிய வெட்டிச் சோதனைக்கு அனுப்புங்க, பாப்போம்."

தலைநகரில் சோதித்தார்கள். முடியிலும் பாதரசம். அதோடு எந்திரங்கள் நின்றன. ஆனால் செத்த அணு முளைக்காதாம். என் அண்ணன் இனித் துடுப்புப் பிடிக்கமாட்டான்.

இப்போது "புது எந்திரம், சுத்தமான எந்திரம்" என்று திரும்பி வருகிறார்கள். அண்ணன் மகள் மாசமாயிருக்கிறாள். அவளும் இந்த ஆற்று மீனைத்தான் தின்று வளர்ந்தாள். கேட்கிறேன், கம்பெனிக்காரர்களே: நாளைக்கு அந்தப் பிள்ளை நடக்கத் தடுமாறினால், அதையும் குடிகாரன் என்பீர்களா?

என்ன, எழுந்து போகிறீர்களா? போங்கள்! விடிந்ததும் வந்து பாருங்கள். இந்தத் தாய்மார்களின் தோணிகள் கரைக்குக் கரை ஆற்றை அடைத்து நிற்கும். முதல் தோணியில் நான் இருப்பேன்!

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. துறையில் சந்திப்போம். வணக்கம்!