கன்னியர் படியின் கைப்பிடி

எங்கள் ரொக்வயோல் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது, நீதிபதி ஐயா. வெயில் ஏறிவிட்டால் மதில் வெளிறிப்போகும். காலை வெளிச்சத்தில்தான் அந்தக் கல் தேன் நிறம் காட்டும். நான் எல்லோரையும் கீழ்வாசல் கோபுரத்தில் நிறுத்தி, கன்னியர் படி வழியாகத் தேவாலயத்துக்கு ஏற்றிக்கொண்டு போவேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அதுதான் வேலை.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். கைப்பிடியைக் கழற்றியது நான்தான் என்று அன்றைக்கே போலீசாரிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் எழுதிக்கொண்டு போய், 'கவனக்குறைவு' என்று முடித்துவிட்டார்கள். பாவம் கிழவி, தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஊரே இரக்கப்படுகிறது. இந்த ஒதீல் வெர்திஞாக் என்றைக்கு ஐயா ஒரு காரியத்தைக் கவனமில்லாமல் செய்தாள்?

அந்தப் படிகள் கன்னியர் மடத்துக்காக வெட்டியவை. மடம் இடிந்துபோய்விட்டது, படிகள் நிற்கின்றன. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயன் முற்றுகை போட்டபோதுகூட ஒரு கல் பெயரவில்லை. அதில்தான் எங்கள் மேயர் துளை போட்டுத் தகரப் பளபளப்பில் ஒரு குழாயைக் கைப்பிடியாகப் பொருத்தினார். தேவாலயம் கண்ணில் படுகிற தூரத்தில் ஜன்னல் கதவுக்கு வண்ணம் பூசுவதென்றாலும் எங்கள் ஊரில் அனுமதி வேண்டும். மருந்துக்கடைக்காரனை நானே இரண்டு முறை கதவைச் சுரண்டிப் பூச வைத்திருக்கிறேன். மேயர் யாரையும் கேட்கவில்லை.

எல்லாம் ஒனோரேக்காக. பழைய ரொட்டிக்கடைக்காரர், மேலே தேவாலயத்தின் பின்னால் குடியிருந்தார். கண் மங்கிவிட்டது. ஆனாலும் சாப்பாட்டுக்கு முன் கீழ்வாசல் கஃபேக்கு இறங்கி ஒரு கிளாஸ் ஒயின் குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. குழாயை எடுக்கச் சொல்லி நான் கஃபேயில் பேசியபோது எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ன மதாம், கல்லுக்கு வலிக்குதா? அது செத்து அறுநூறு வருஷமாச்சு. நான்தான் இன்னும் சாகாம இருக்கேன்."

கஃபேயே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

'அழகிய ஊர்' என்ற பட்டத்தை எங்களுக்குத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்க்க நடுவர்கள் வருவதாக இருந்தது. அந்தப் பட்டத்துக்காக நான் எத்தனை வருடம் அலைந்திருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. மேயரிடம் கடைசியாக ஒரு தடவை போய்ச் சொன்னேன்.

"விடுங்க மதாம்," என்றார். "பட்டப் பலகை போனா போகட்டும். கெழவன் விழுந்தா யார் பதில் சொல்றது?"

இதோ, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடுவர்கள் வருகிற அன்று காலையில் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை நானே கழற்றினேன். ஓரமாகப் புதரில் தள்ளிவிட்டேன். துளைகளை அடைக்கச் சுண்ணாம்புச் சாந்தில் அதே கல்லின் தூளைக் கலந்து வைத்திருந்தேன், நிறம் சேர வேண்டுமல்லவா? அடிப்படியில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தபோது மேலே கைத்தடிச் சத்தம் கேட்டது. அன்று அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

உங்கள் ஆட்கள் நினைப்பதுபோல் அவர் தெரியாமல் காலை வைக்கவில்லை. உச்சிப்படியில் நின்றுவிட்டார். கையை நீட்டித் தடவிப் பார்த்தார்.

"யாரு, மதாமா? கம்பி எங்க போச்சு? கைக்கு அகப்படலையே."

உள்ளதைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திரும்பிப் போய்க் கூச்சல் போட்டிருப்பார். மேயர் ஆளோடு ஓடிவந்திருப்பார். நடுவர்கள் வரும்போது குழாய் பழையபடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

"ரெண்டு படி இறங்குங்க ஒனோரே," என்றேன். "அங்கேருந்துதான் ஆரம்பிக்குது."

"அப்படியா? பாழாப்போன கண்ணு. மெர்சி, மதாம்."

நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். இரண்டாம் படியில் வெறும் காற்றைப் பிடித்தார்.

என் காலடியில் வந்து விழுந்தபோது உயிர் இருந்தது. "கையக் குடுங்க, மதாம்," என்றார். என் கையெல்லாம் சாந்து. சுண்ணாம்புச் சாந்தைப் பாதியில் விட்டால் இறுகி வெடித்துவிடும், பிறகு அடைத்த இடம் காலத்துக்கும் தனியாகத் தெரியும். கடைசித் துளையை வழித்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

அதற்காக என்னைக் கொலைகாரி என்று எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. அந்தப் படிக்குக் கைப்பிடி வைத்தவர்களிடம் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? அது இல்லாமல் எத்தனை தலைமுறை ஏறி இறங்கியது! பட்டம் எங்களுக்கே கிடைத்தது. ஊர் நுழைவில் பலகை நிற்கிறது. அதன் அடியில் நின்று மேயர்தான் படம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் போனதும் வாளியும் பிரஷும் எடுத்து வந்து, நடுவர்கள் ஏறுவதற்குள் அடிப்படியை முட்டி போட்டுத் தேய்த்தவள் நான். அது சுண்ணாம்புக்கல், ஐயா, எதையும் உறிஞ்சிக்கொள்ளும். நான் கவனக்குறைவானவளாக இருந்திருந்தால் அதில் இன்றைக்கும் கறை இருந்திருக்கும்.