இரண்டு கற்கள் இருந்த இடம்

என் பெயர் எழில்மொழி, வயது 21, தகப்பனார் பெயர் பகலவன், சொந்த ஊர் ஓசூர். சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். 09.10.2025 வியாழக்கிழமை கருவேலமங்கலம் சாலையில் ஏட்டு துரைக்கண்ணு அவர்கள், "கல்லு நடுரோட்டுலதான் கெடந்துச்சாம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கல்லை அங்கே வைத்தது யார் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இன்று நானாக நிலையத்தில் ஆஜராகியுள்ளேன்.

தஞ்சாவூரில் ஒரு வழக்கறிஞரிடம் 13ஆம் தேதி பயிற்சிக்குச் சேர இருந்தேன். ஊர் பழக வேண்டும் என்று 5ஆம் தேதியே வந்து, மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினேன். முதல் மூன்று நாளும் தனியாகச் சுற்றினேன். பெரிய கோயிலுக்கு இரண்டு முறை போனேன். கீழவாசலில் வழி தவறி நின்றபோது பூக்கடை வைத்திருந்த ஒரு அம்மா கடையை விட்டு எழுந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். அதன் பிறகு புதன்கிழமை, வழக்கறிஞரின் மகன் ராஜ்குமார், வயது சுமார் 26, போன் செய்து மறுநாள் கல்லணையைக் காட்டுவதாகச் சொன்னார். சம்மதித்தேன்.

வியாழன் பகல் சுமார் இரண்டு மணிக்கு அவர் காரில் திரும்பி வரும்போது மேற்படி சாலையின் இடது பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். வலது பாதி காலி, லாரியே போகலாம். ராஜ்குமார், "ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுக் களமா? பாருங்க, அரிசியாக்கியே குடுக்குறேன்" என்று சிரித்துக்கொண்டு, கல் இல்லாத இடைவெளி வழியாக நெல்மேல் காரை ஏற்றினார். நானும் சிரித்தேன். அங்கே முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்சம் என்பவர் திரும்பி, "தம்பி, நெல்லு நொறுங்கும் தம்பி!" என்று கத்தினார். கார் அவர் வலது காலில் மோதியது. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அதன் பிறகு ராஜ்குமார் இறங்கி, அந்த அம்மாவைத் தாண்டிப் போய், வரிசையிலிருந்து இரண்டு கற்களைத் தூக்கி வந்து காலியாக இருந்த வலது பாதியில் வைத்து, போனில் நான்கு படம் எடுத்தார். படம் எடுத்த பிறகுதான் 108க்கு அழைத்தார். என்னிடம், "கல்லுக்கு ஒதுங்குனப்ப இடிச்சிருச்சு, அவ்வளவுதான். திங்கக்கெழம ஆபீஸ் வந்துருவீங்கள்ல?" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "பாப்பா, மேக்க கருத்துருக்கு. நெல்லக் கூட்டி, தார்ப்பாய இழுத்து மூடிரும்மா. ஈரம்னு ஏற்கெனவே கொள்முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். தார்ப்பாய் என் காலடியில் மடித்து இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிச் சென்றது. அதன் பிறகு ஏட்டு வந்து மேற்சொன்னபடி கேட்டார். அதன் பிறகு ராஜ்குமார் என்னை விடுதியில் இறக்கிவிட்டார். நேற்று அவரிடமிருந்து, "கேஸ் அந்தம்மா மேலயே போட்டாச்சு. நிம்மதியா இருங்க" என்று செய்தி வந்தது. அதைக் காட்டியிருக்கிறேன்.

இந்த வாக்குமூலத்தில் 'எதிர்பாராத விதமாக மோதியது' என்று முதலில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றதெல்லாம் படித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் உண்மை. கடைசியாக இதையும் சேர்த்து எழுதக் கேட்டுக்கொண்டேன். வியாழன் மாலை நான்கு மணிக்கு மழை பெய்தது. இன்று இங்கு வரும் வழியில் அந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன். தார்ப்பாய் மடித்தபடியே கிடக்கிறது. நெல் முளைத்துவிட்டது.

(ஒப்பம்) ப. எழில்மொழி
11.10.2025