கோபுரத்துப் பெட்டி

— ஏலே ஷிஜின், மாதா கோயில் கோபுரத்துல ஏறு. ஏறி ஒனக்க பெட்டியில ஒரு சேதி போடு. காத்து வருது, திரும்பி வாங்கன்னு போடு. அவருக்க போட்டுல செவந்த பல்பு எரியும்லா?

— குளோரியக்கா, கொஞ்சம் இரி. நான் சொல்லதக் கேளு.

— இருக்கவா? அவரு கடலுக்குப் போயி ஏழு நாளாச்சு. நேத்து மத்தியானம் காத்து திரும்பினதும் மத்த போட்டெல்லாம் ஓயர்லெசுல கேட்டு எங்கயோ ஒரு கரையில ஒதுங்கியாச்சு. ஒனக்க மச்சானும் ஆறு பேரும் மட்டும் எங்க கிடக்காவன்னு ஒருத்தனுக்கும் தெரியல்ல. என்னை இருக்கச் சொல்லுதியா?

— மச்சானுக்க ஓயர்லெஸ் செட்டு என்னாச்சு?

— அந்தச் சவம் கேடாயி மணவாளக்குறிச்சியில ஒரு கடையில நன்னாக்கக் கெடக்குது. அது வரட்டும், பொறவு போவும்னேன். "ஒந்தம்பிக்க பெட்டி இருக்குல்லாட்டி, காத்துன்னா அது சொல்லும்"னு சிரிச்சிட்டுப் போனாரு.

— பெட்டியை நம்பியா போனாரு?

— பின்ன? பெட்டியைப் பத்தி நீ எழுதின கட்டுரைக்க முதல் பக்கத்தை லேமினேசன் பண்ணி, போட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல ஆணியடிச்சு வச்சிருக்காருலே. இங்கிலீசுல ஒரு எழுத்து தெரியாது. அடியில சிலுவைதாசனுக்கு நன்றின்னு அவருக்க பேரு போட்டிருக்கேல்லா, அந்த வரியை மட்டும் வெரல் வச்சு எல்லாருக்கும் காட்டுவாரு.

— அக்கா, அதைச் சொல்லாத.

— சொல்லுவேன். போன மாசம் நீ என்ன சொன்ன? அதை எண்ணூறு பேரு எடுத்து எழுதியாச்சு, நார்வேயில அதைப் படிச்சிட்டு மீன்புடிக்க போட்டுலயெல்லாம் பெட்டி மாட்டியாச்சு, ரெண்டாயிரத்தாறுல எழுதினது இப்பவும் நிக்குதுன்னு விருது வருதுன்னு சொன்னியா இல்லியா? நான் தெருவெல்லாம் லட்டு குடுத்தேன். அந்த எண்ணூறு பேருல ஒருத்தனைக் கூப்பிடு. நார்வேக்காரனைக் கூப்பிடு.

— அவன் அங்க இருந்து என்ன செய்வான்? ஒரு போட்டுல இருந்து பக்கத்து போட்டுக்கு, அங்கேருந்து அடுத்ததுக்குன்னு கைமாறித்தான் சேதி போகும். எல்லா போட்டுலயும் பெட்டி இருந்தாத்தான் நடக்கும்.

— இங்க பன்னெண்டு போட்டுல மாட்டினியே.

— ஆராய்ச்சி முடிஞ்சதும் சாமானெல்லாம் காலேஜுக்குத் திருப்பிக் குடுக்கணும்னாங்க. பதினொண்ணைக் கழத்திட்டேன்.

— கோபுரத்துல உள்ளது?

— அதுவும்தான்.

— எப்ப?

— மூணு வருசமாச்சு. ஈஸ்டருக்கு வந்தேனே, அப்ப.

— பின்ன அவருக்க பெட்டியை மட்டும் ஏன் விட்ட?

— ஞாபகத்துக்கு ஒண்ணு இருக்கட்டும் அளியான்னு கேட்டாரு. இது இனிமே வேலை செய்யாது மச்சான்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அவரு அதைத் துணி வச்சுத் தொடச்சிட்டு நின்னாரு.

— பச்சை பல்பு எரியுதேலே! போன அன்னைக்கும் எரிஞ்சுது. நான் எனக்க கண்ணால கண்டேன்.

— அது பாட்டரியில கரண்டு இருக்குன்னு காட்டுறது. அவ்வளவுதான்.

— அப்போ செவந்த பல்பு?

— எரியாதுக்கா.

— எரியல்லன்னா காத்து இல்லன்னு நெனச்சு வலையை எறக்கிட்டு நிப்பாரே, எனக்க மாதாவே! பாவி, ஒனக்க பேரு லோகமெல்லாம் போச்சு. ஒரு வாக்கு எனக்க மாப்பிளைக்குப் போகல்லியே.

— அடி அக்கா. அடிச்சிரு. காலையில இருந்து கடலோரக் காவல்காரங்ககிட்ட கெஞ்சுதேன். எந்தப் பக்கம் தேடணும்னு கேக்காங்க. கடல்ல கிடக்கவனுக்கு எப்படிச் சேதி சொல்லலாம்னு பத்துப் பக்கம் எழுதினவனாக்கும் நான். எனக்குச் சொல்லத் தெரியல்ல.

— அழாத. ஆம்பிள அழுதா எனக்கு வெப்ராளம் கூடுது.

— ஒண்ணு மட்டும் மனசிலாகல்ல. இந்த மூணு வருசமும் மச்சான் கடல்ல இருந்து பெட்டியில உள்ள பட்டனை அமுக்கியிருப்பாருல்லா?

— தெனம் அமுக்குவாரு. சுகமா இருக்கேன், மீன் உண்டு, நாளைக்கு வாறேன். மூணு பட்டனுல்லா.

— கோபுரத்துல பெட்டி இல்லாம ஒனக்க போனுக்கு ஒண்ணும் வந்திருக்காதே.

— வரல்ல. எனக்க போனு பழசு, அதுக்க கேடுன்னு நெனச்சேன்.

— கரைக்கு வந்ததும் மச்சான் கேக்க மாட்டாரா, சேதி கிடைச்சுதான்னு?

— கேப்பாரு. மேலு கழுவுறதுக்கு முன்ன அதைத்தான் கேப்பாரு.

— நீ என்ன சொல்லுவ?

— வரல்லன்னா ஒனக்க பெட்டியைக் கொறையாப் பேசிருவாரோன்னு பயம் மக்கா. எனக்க தம்பி செஞ்ச பெட்டியாக்கும். எல்லாம் கிடைச்சுதுன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.