‘முருகா’ என்று தொடங்கும் குரல்பதிவு குறித்து விசாலி கூறியது

இதைப் பதியும்போது அறையில் இருந்தவர்கள்: சைபர் கிரைம் பிரிவு உதவி ஆய்வாளர் திரு. முத்தரசு, தட்டச்சு செய்த பெண் காவலர் கிறிஸ்டி, என் கணவர் பூமிநாதன், நான். டீ கொண்டுவந்தவர் வைத்துவிட்டு உடனே போய்விட்டார்.

என் பெயர் விசாலி, வயது 44, காரைக்குடி செக்காலைப் பகுதியில் கணவருடன் வசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். எங்கள் பகுதிக் கோயிலில் பிரதோஷத்தன்று மைக்கில் பூசை நேரம், அன்னதானம், கட்டளைதாரர் பெயர்களை அறிவிப்பது பல வருடமாக நான்தான். அதனால் அக்கம்பக்கத்தில் என் குரல் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் மகளைக் கல்லூரியில் சேர்த்த பிறகு, குரல் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று வீடியோக்கள் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் பேசினால் எதிரொலிக்கும் என்பதால், என் கல்யாணத்துக்குச் சீராக வைத்த மெத்தைகளை உள்ளறைச் சுவரில் சாய்த்து நடுவில் உட்கார்ந்து பதிவு செய்தேன். என் கணவர் வருகிறவர்களிடம், “உள்ள மெத்தைக்கிட்ட பேசிக்கிட்டிருக்கா, சத்தம் போடாதீக” என்பார். குரல் வேலைக்கு ஆள் தேடித்தரும் இணையதளத்தில் என் விவரம் போட்ட பிறகு நெடுநாள் ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு குழந்தைகள் செயலிக்குக் காய்கறிப் பெயர்கள் வாசித்தேன், அதன் பிறகு ஒரு மருந்துக்கடைக்கு விளம்பரம் பேசினேன், அதன் பிறகு வேலை தானாக வந்தது. போன வருடத்திலிருந்து மாதம் முப்பதாயிரத்துக்குக் குறையவில்லை. மகளின் விடுதிக் கட்டணத்தை நான் கட்டினேன். வரவு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு, வருமான வரியும் தாக்கல் செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் “முருகா” என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். பேசி முடித்து அதை வெட்டிவிட்டு அனுப்புவேன்.

ஆவணி மாதம் புதிய வாடிக்கையாளர் ஒருவர் மின்கட்டணம் பற்றிய அறிவிப்புகள் கேட்டார். யாருக்காக என்று கேட்டதற்கு, மின்வாரிய வேலையை ஒப்பந்தம் எடுத்த கம்பெனி என்று எழுதினார். முதலில் அனுப்பியதைத் திருப்பி அனுப்பி, செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது, உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசுவதுபோல் பேசுங்கள் என்றார். நான் என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி தேனப்பனை மனதில் வைத்துக்கொண்டு பேசினேன். அவர் நேமத்தான்பட்டியில் தனியாக இருக்கிறார், வயது 74, அம்மான் என்று அழைப்பேன். பதிவில் உள்ள வாசகம்: “கரண்டு பில்லு கட்டுனது பதிவாகல. பயப்படாதீக. ஒண்ணாம் நம்பர அமுக்குனீகன்னா எங்க ஆளு பேசுவாரு.” வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். அன்று கோயிலில் அர்ச்சனை செய்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் அம்மான் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“ஆத்தா, நீ சொன்னபடி ஒண்ணாம் நம்பர அமுக்குனேன். அந்த ஆளு சொன்னதையெல்லாம் செஞ்சேன். பேங்குல ஒண்ணுமில்லைங்கிறாக.”

“நான் எப்ப அம்மான் பேசுனேன்?”

அவர் மகன் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி செல்போனில் வைத்துக் கொடுத்திருந்தார். அம்மான் அதைப் போட்டுக் காட்டினார். முதலில் மெதுவாக “முருகா” என்று கேட்டது. என் கணவர் சிரித்துவிட்டு, “ஒன் முருகன் கரண்டு ஆபீசுல சேந்துட்டாராக்கும்” என்றார். அதன் பிறகு மீதியும் கேட்டது. அவர் சிரிப்பை நிறுத்தினார். அந்த ஒரு பதிவில் ‘முருகா’வை நான் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

அம்மான், “கொரலு ஒன்னோடதுதானான்னு மொதல்ல சந்தேகந்தான். களவாணிப்பய வாயில முருகா வருமா? அதக் கேட்டுத்தான் நம்புனேன்” என்றார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

அதன் பிறகு நானே அவரை அழைத்துக்கொண்டு வந்து புகார் கொடுத்தேன். வாடிக்கையாளருக்கு எழுதினேன், அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று வந்தது. இணையதளம் என் பக்கத்தை நிறுத்திவைத்தது. லேப்டாப்பையும் மைக்கையும் இங்கே ஒப்படைத்தேன். மெத்தைகளைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அதன் பிறகும் என் குரலில் அழைப்புகள் போகின்றன. காய்கறிக் கடையில் ஒரு அம்மா, “நேத்து எங்க வீட்டுக்குப் போன் போட்டீகளா, ஆச்சி?” என்று கேட்டார். போன பிரதோஷத்தன்று நான் மைக்கில் வணக்கம் சொன்னதும் முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். பெயர்களை வாசித்து முடித்தேன். பிரசாதம் வாங்காமல் வந்துவிட்டேன்.

கிறிஸ்டி இதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

லேப்டாப் வர நாளாகும் என்றார்கள், ஆகட்டும். அந்தப் பதிவு இன்னும் யாரையோ அழைத்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த முடியுமா, முடியாதா? வருகிற பிரதோஷத்துக்கு மைக்கில் பேசுவதா வேண்டாமா என்று கோயிலில் நான் சொல்ல வேண்டும். முடியாது என்பதுதான் பதில் என்றாலும் அதற்குள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
பூ. விசாலி